பெயரும் எலும்பும் மீண்டும் சேரும் இடம்

2009-ஆம் ஆண்டு, வடபிரான்ஸில் ஃப்ரோமெல் என்னும் சிற்றூரின் ஓரத்தில், ஃபெசன்ட் வுட் என்று அழைக்கப்படும் சிறு காட்டை ஒட்டிய வயலில் தொல்லியலாளர்கள் ஒரு புதைகுழியைத் திறந்தார்கள். அதில் கிடந்த ஒரு வீரரின் உடைமைகளுக்கு நடுவே மடிந்த நிலையில் ஒரு ரயில் பயணச்சீட்டு இருந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள ஃப்ரீமேன்டிலுக்கும் பெர்த்துக்கும் இடையே ஓடிய ரயிலுக்கானது அது. போய்த் திரும்பும் சீட்டில், திரும்பும் பயணத்துக்கான பாதி. 1916 ஜூலையில் இறந்த ஒருவர், ஊர் திரும்பியதும் பயன்படும் என்றோ, ஊரின் நினைவாக இருக்கட்டும் என்றோ வைத்திருந்த அந்தக் காகிதம் 93 ஆண்டுகள் களிமண்ணுக்குள் அவரோடு கிடந்தது.

போரில் காணாமற்போன வீரர்களின் உடலெச்சங்களை மீட்டு, அடையாளம் கண்டு, முறைப்படி அடக்கம் செய்யும் பணியைப் பற்றி முதன்முறையாகப் படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். காணாமற்போனவர் என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் தனித்தனியே கிடக்கின்றன. ஒரு பக்கம் படைப்பிரிவின் பதிவேட்டில் உடலில்லாத ஒரு பெயர் இருக்கிறது. இன்னொரு பக்கம் எங்கோ மண்ணிலோ கடலிலோ பெயரில்லாத கல்லறையிலோ ஓர் உடல் இருக்கிறது. இந்த இரண்டையும் ஐயத்துக்கு இடமில்லாமல் மீண்டும் சேர்த்துவைப்பதே இந்தப் பணி. மண்வெட்டியும் ஆய்வுக்கூடமும்தான் படங்களில் தெரிகின்றன. ஆனால் இப்பணியின் பெரும்பகுதி பழைய தாள்களை வரி வரியாகப் படிப்பதில்தான் கழிகிறது.

இதன் அளவு சிறியதன்று. இரண்டாம் உலகப் போர் முதல் பின்னர் நடந்த போர்கள் வரை அமெரிக்கா ஒன்றின் கணக்கில் மட்டும் 81,000-க்கும் மேற்பட்டோர் இன்னும் காணாமற்போனவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடலில் மறைந்தவர்கள் என்று கருதப்படுகிறது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயில் என்ற நினைவு வளைவில், முதல் உலகப் போரில் அந்தப் பகுதியில் மடிந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இந்தியப் படையினரின் பெயர்களும் உண்டு.

இத்தனை பேர் எப்படித் தொலைந்தார்கள்? பீரங்கிக் குண்டு உடலைச் சிதைத்துவிடுவது, கப்பல் மூழ்குவது, விமானம் காட்டில் விழுவது ஆகியவை எளிதில் ஊகிக்கக்கூடிய காரணங்கள். ஊகிக்க முடியாத இன்னொரு காரணமும் உண்டு. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியப் படைவீரர் ஒவ்வொருவரும் கழுத்தில் ஒரே ஒரு அடையாள வில்லையை அணிந்திருந்தார். அவர் இறந்தால், இறப்பைப் பதிவு செய்வதற்காக அந்த வில்லையைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். பதிவு ஒழுங்காக நடந்தது. உடலோ அந்தக் கணமே பெயரை இழந்தது. பின்னர் அடக்கம் செய்ய வந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. 1916-இன் பிற்பகுதியில்தான் இரண்டு வில்லைகள் வழங்கும் முறை வந்தது. சிவப்பு வில்லையை எடுத்துச் செல்ல வேண்டும், பச்சை வில்லை உடலோடு இருக்க வேண்டும். அவையும் நாரால் ஆனவை என்பதால் ஈரமண்ணில் மக்கிப்போயின. 1949-ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கை, இறந்தவரிடம் இரட்டை வில்லை இருந்தால் ஒரு பாதியை அனுப்பிவைத்து, மறுபாதியை உடலோடு விட்டுவிட வேண்டும் என்று எழுத்திலேயே வகுத்திருப்பதற்கு இப்படிப்பட்ட பட்டறிவே அடிப்படை. எதிரி நாட்டு வீரராக இருந்தாலும் அவரைத் தேடுவதும், உடல் சூறையாடப்படாமல் காப்பதும், இயன்றவரை அவருடைய சமய முறைப்படி மரியாதையோடு அடக்கம் செய்வதும், கல்லறையைக் குறித்துவைப்பதும் போரிடும் தரப்பினரின் கடமை என்றும் அந்த உடன்படிக்கை கூறுகிறது.

ஃப்ரோமெலுக்குத் திரும்புவோம். 1916 ஜூலை 19 மாலை தொடங்கி மறுநாள் காலை முடிந்த அந்தச் சண்டையில் ஆஸ்திரேலியப் படைப்பிரிவு ஒன்று 5,533 பேரை இழந்தது. கொல்லப்பட்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர் எல்லாரும் சேர்ந்த எண்ணிக்கை இது. ஜெர்மானியப் பதுங்குகுழிகள் வரை முன்னேறி அங்கே விழுந்தவர்களை ஜெர்மானியர்களே புதைத்தார்கள். போர் முடிந்து வந்த தேடற்குழுக்களின் கண்ணில் அந்தக் குழிகள் படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, மெல்பர்னைச் சேர்ந்த லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தப் பகுதியில் இருந்த பெயரில்லாக் கல்லறைகளையும் காணாமற்போனோர் பட்டியலையும் எண்ணி ஒப்பிட்டபோது கணக்கு இடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் எந்தக் கல்லறையிலும் இல்லை.

அவரும் அவரோடு சேர்ந்து தேடியவர்களும் சேர்த்த சான்றுகள் பலவகையானவை. சண்டை முடிந்து ஒரு நாள் கழித்து, ஜூலை 21 அன்று, ஃபெசன்ட் வுட்டின் தென்புறத்தில் 400 உடல்களுக்குக் குழி தோண்டுமாறு ஜெர்மானியத் தளபதி ஒருவர் இட்ட ஆணை பதிவில் இருந்தது. அந்த நாட்களில் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் காட்டின் ஓரமாக எட்டுக் குழிகள் தெரிந்தன. ஜெர்மானியர்கள் இறந்தவர்களின் வில்லைகளைச் சேகரித்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே பெயர்களை அனுப்பியிருந்தார்கள். 2007-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அந்த வயலின் மேற்பரப்பை ஆராய்ந்தபோது, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஆல்பர்ட்டன் வட்டாரத்தார் தம் ஊர் இளைஞர்களுக்குக் கொடுத்தனுப்பிய பதக்கம் ஒன்று மண்ணில் கிடைத்தது. ஓர் ஊர் தன் பிள்ளைக்குக் கொடுத்த பதக்கம் அந்த வயலுக்கு வந்துசேர வேறு வழியே இல்லை. அதன்பின் நடந்த சோதனை அகழ்வில் எலும்புகள் தென்பட்டன. 2009-இல் முழு அகழாய்வு நடந்தது. 250 வீரர்களின் உடல்கள் மீட்கப்பட்டன.

அகழ்வு என்றவுடன் தோண்டி எடுப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. உடல் எந்தத் திசையில் கிடக்கிறது, எந்தப் பொத்தான் எந்த விலா எலும்பின்மேல் இருக்கிறது, பையில் இருந்த பொருள் எந்தக் கையருகே கிடந்தது என்பதெல்லாம் முதலில் படம் எடுக்கப்பட்டு, அளக்கப்பட்டு, எழுதப்பட்ட பிறகே ஓர் எலும்பு இடம்பெயர்க்கப்படும். ஏனெனில் மண்ணிலிருந்து எடுத்த மறுகணம் அந்த இடத்தொடர்பு அழிந்துவிடும். அதைத் திரும்பப் பெற எந்த அறிவியலாலும் முடியாது. உடலின் மேலிருந்த பொருளால் எவ்வளவு தெரியவரும் என்பதற்கும், எங்கே அது நின்றுவிடும் என்பதற்கும் எடுத்துக்காட்டாக இந்திய வீரர் இருவரைச் சொல்லலாம். 2016-இல் பிரான்ஸின் ரிஷ்புர் ஊரருகே கிடைத்த அவர்களின் உடலெச்சங்கள், உடனிருந்த படைச் சின்னத்தைக் கொண்டு 39-ஆம் கர்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவை என்று உறுதிசெய்யப்பட்டன. அடுத்த ஆண்டு லவாந்தி ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் படை மரியாதையோடு அடக்கம் நடந்தது. படைப்பிரிவு தெரிந்தது, பெயர் தெரியவில்லை.

கையில் எலும்பு இருந்தும் பெயர் தெரியாத நிலை எவ்வளவு சிக்கலாக முடியும் என்பதை யுஎஸ்எஸ் ஓக்லஹோமா என்ற போர்க்கப்பலின் வரலாற்றைப் போல விளக்கும் வேறொன்றை நான் அறியேன். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ள் ஹார்பரில் ஜப்பானிய விமானங்கள் வீசிய டார்பிடோக்கள் தாக்கி, சில நிமிடங்களிலேயே அந்தக் கப்பல் கவிழ்ந்தது. 429 பேர் இறந்தார்கள். கப்பலை நிமிர்த்தும் வேலை 1943-இல்தான் நிறைவேறியது என்பதால், உடல்கள் நெடுநாள் எண்ணெய் கலந்த நீருக்குள் கிடந்து குலைந்திருந்தன. மீட்கப்பட்டவை ஹவாயில் இரண்டு கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்பட்டன. போர் முடிந்தபின் 1947-இல் அவற்றைத் தோண்டியெடுத்து அடையாளம் காண முயன்றார்கள். மொத்தத்தில் 35 பேருக்குத்தான் பெயர் கிடைத்தது. எஞ்சிய 394 பேரும் அடையாளம் காண இயலாதவர்கள் என்று 1949-இல் முடிவு செய்யப்பட்டு, ஹொனலுலுவில் எரிமலை வாய் ஒன்றினுள் அமைந்த பஞ்ச்போல் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் பெயரின்றி அடக்கம் செய்யப்பட்டார்கள்.

பேர்ள் ஹார்பர் தாக்குதலில் உயிர்பிழைத்த ரே எமரி என்ற கடற்படை வீரர், முதுமையில் அந்த அடக்கங்களைப் பற்றிய கோப்புகளைப் பல ஆண்டுகள் தோண்டித் துருவி, குறிப்பிட்ட ஒரு சவப்பேழையில் இருப்பவர்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க முடியும் என்று வாதாடினார். அவர் விடாமல் தட்டியதால் 2003-இல் அந்தப் பேழை திறக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் ஐந்து பேர் அடையாளம் காணப்பட்டார்கள். ஆனால் மரபணுச் சோதனை அதிர்ச்சியான ஒன்றையும் காட்டியது: அந்த ஒரே பேழையில் கிட்டத்தட்ட நூறு பேருடைய எலும்புகள் கலந்திருந்தன. முன்பு பலமுறை எடுத்து, அடுக்கி, இடம் மாற்றியதில் ஒருவரின் தொடை எலும்பு ஒரு பேழையிலும் மண்டை ஓடு மற்றொன்றிலுமாகச் சிதறிவிட்டன. ஒன்றிரண்டு பேழைகளைத் திறப்பதால் பயனில்லை, எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்தால்தான் ஒருவரையேனும் முழுமையாகத் தர முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

2015-இல் அந்த முடிவு எடுக்கப்பட்டது. ஜூன் முதல் நவம்பர் வரை 61 பேழைகள் வெளியே எடுக்கப்பட்டு, நெப்ராஸ்கா மாநிலத்து ஆஃபட் விமானப்படைத் தளத்தில் உள்ள ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 13,000 எலும்புகள் மேசைமேல் பரப்பப்பட்டன. எலும்பு மானுடவியலாளர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து, இடதா வலதா, எத்தனை வயதினருடையது, எவ்வளவு உயரத்தினருடையது, மூட்டோடு மூட்டு பொருந்துகிறதா என்று குறித்தார்கள். சிறு துண்டுகள் வெட்டப்பட்டு, டெலவேர் மாநிலத்தின் டோவரில் உள்ள படைத்துறை மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கு கிடைக்கும் மரபணு வரிசையை ஒப்பிட, இறந்தவரின் உறவினர் ஒருவரின் மரபணு வேண்டும்.

இந்த இடத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் தாய்வழி உறவுக்கும் தந்தைவழி உறவுக்கும் நம்மிடம் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. பழைய எலும்பில் அதிகம் தப்பிப் பிழைப்பது மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பில் இருக்கும் மரபணு. ஒவ்வொரு செல்லிலும் அதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதே காரணம். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே இறந்த வீரருக்கும் அவருடைய தாய்மாமனுக்கும், அக்கா பிள்ளைகளுக்கும், பெரியம்மா சித்தி பிள்ளைகளுக்கும் அது ஒன்றாகவே இருக்கும். தாய்மாமன் பிள்ளைகளிடம் அது இராது. அவர்களுடையது அவர்களைப் பெற்ற தாயிடமிருந்து, அதாவது மாமன் மனைவியிடமிருந்து, வந்தது. வியப்பு என்னவென்றால், அந்த வீரர் பெற்ற பிள்ளைகளிடமும் அது இராது. ஆகவே பெற்ற மகன் கொடுக்கும் மாதிரியைவிட, அவரை நேரில் பார்த்தே இராத ஒரு சகோதரியின் மகள்வயிற்றுப் பேத்தி கொடுக்கும் மாதிரி இந்தச் சோதனைக்கு உதவும். இதற்கு மாறாக, ஆண்களிடம் மட்டும் தந்தைவழியே இறங்கும் ஒய் குரோமோசோமைச் சோதிக்கும்போது பங்காளி வீட்டு ஆண்கள் வேண்டும். ஒரு கப்பலில் பலருக்கு ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசை அமைந்துவிடுவது உண்டு என்பதால், தாய்வழிச் சான்று ஒன்றே போதும் என்று யாரும் நிறுத்திவிடுவதில்லை. பற்களின் பதிவு, உயரம், வயது, கடைசியாக எங்கே பார்க்கப்பட்டார் என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் ஒரே பெயரைக் காட்டினால்தான் கையெழுத்து விழும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் சரியானதாகவே படுகிறது. காத்திருப்பது கொடுமைதான், ஆனால் தவறான ஒருவரைத் தம் மகன் என்று அடக்கம் செய்ய வைப்பது இரண்டு குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி.

ஓக்லஹோமாவின் 394 பேரில் 361 பேருக்கு இவ்வாறு பெயர் திரும்பியது. எஞ்சிய 33 பேர், தாக்குதலின் எண்பதாம் ஆண்டு நிறைவான 2021 டிசம்பர் 7 அன்று, பஞ்ச்போலில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

மரபணு கைகொடுக்காத நேரங்களும் உண்டு. கொரியப் போரில் இறந்தவர்களில் அடையாளம் தெரியாதவர்களை ஜப்பானின் கொக்குராவில் வைத்துப் பதப்படுத்தியபோது பயன்படுத்திய வேதிப்பொருள், மரபணுவைப் பெரிதும் சிதைத்துவிட்டது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயலே பிற்காலத்தவர்களுக்குத் தடையாக நின்றது. அந்த எலும்புகளுக்கு வேறொரு வழி கிடைத்தது. படையில் சேர்ந்தபோது காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, வீரர்களின் மார்பு எக்ஸ்-ரே எடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறு படச்சுருள்கள் ஆயிரக்கணக்கில் கிடங்கில் தப்பியிருந்தன. கழுத்துக்குக் கீழே கைவைத்தால் தட்டுப்படும் காறை எலும்பு, அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும். அதன் வளைவும், விளிம்பில் உள்ள மேடு பள்ளமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். வளர்ந்தவர்களிடம் காலப்போக்கில் அதிகம் மாறாது. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எலும்பை அதே கோணத்தில் எக்ஸ்-ரே எடுத்து, பதினெட்டு இருபது வயதில் அவர் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றபோது எடுத்த படத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். நோய் தேடி எடுத்த படம் பெயர் தேடும் படமாயிற்று. 2018 ஜூலை 27 அன்று வடகொரியா 55 பெட்டிகளில் உடலெச்சங்களை ஒப்படைத்தபோது அவற்றோடு வந்தது ஒரே ஓர் அடையாள வில்லைதான். அப்படியொரு நிலையில் காறை எலும்பின் அருமை விளங்கும்.

பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மரியாதை உண்டு. அதன் வடிவம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில், உறவினர்கள் விரும்பும் இடத்தில், சொந்த ஊரிலேயேகூட, அடக்கம் செய்யலாம். பிரித்தானியாவும் அதன் அன்றைய பேரரசு நாடுகளும் விழுந்த மண்ணின் அருகிலேயே அடக்கம் என்ற நெறியை வகுத்துக்கொண்டன. 1917-இல் தொடங்கப்பட்ட, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர்பெற்றுள்ள அமைப்பு, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல் என்பதைக் கொள்கையாக ஏற்றது. பெயர் தெரியாதவரின் கல்லில் இறைவனுக்குத் தெரிந்தவர் என்ற பொருள்படும் தொடர் பொறிக்கப்பட்டது. அத்தொடரைத் தேர்ந்து கொடுத்த ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான், 1915-இல் லோஸ் சண்டையில் காணாமற்போனவர். தந்தை இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1992-இல்தான், பெயரில்லாதிருந்த ஒரு கல்லறை ஜானுடையது என்று ஆணையம் அறிவித்தது.

அந்தச் சமத்துவக் கொள்கை எல்லாருக்கும் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம். இந்தியர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. சுமைதூக்கும் தொழிலாளராகப் போரில் உழைத்து மடிந்தவர்களின் பெயர்களைப் பல இடங்களில் யாரும் எழுதிவைக்கவே இல்லை. எலும்பு தொலைந்தால் தேடலாம். பெயரையே எழுதாமல் விட்டுவிட்டால் எதைக் கொண்டு தேடுவது? வீழ்ந்தவனின் பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் கல்லில் வெட்டி நடுகல் எடுத்த மரபில் வந்த நமக்கு, இந்தப் புறக்கணிப்பின் கனம் புரியாமல் போகாது.

சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்தில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையோரம் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று பார்க்கலாம். அதே ஆணையத்தின் பராமரிப்பில், இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்தவர்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த தோட்டம் அது. முதல் உலகப் போரில் இறந்து, கல்லறைகளை நெடுங்காலம் பராமரிக்க இயலாத இடங்களில் அடக்கமான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

பெயர் திரும்பும்போது நினைவுச்சின்னமே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில், பெயர் அறியா வீரர் நினைவிடத்தில் வியட்நாம் போருக்கென ஒருவர் 1984-இல் அடக்கம் செய்யப்பட்டார். 1998 மே மாதம் அந்த அறை திறக்கப்பட்டு, தாயின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, அவர் 1972-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாசி என்று தெரிந்தது. குடும்பத்தார் அவரைச் சொந்த ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த அறையில் வேறு யாரையும் வைக்கவில்லை; அது இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

சுவர்களிலும் இப்படித்தான். காமன்வெல்த் ஆணையத்தின் நினைவுச் சுவரில் பெயர் உள்ள ஒருவர் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டு அவருக்கெனக் கல்லறை அமைந்தால், பலகையைப் புதுப்பிக்கும் வேளையில் அவர் பெயர் அதிலிருந்து நீக்கப்படுகிறது. பஞ்ச்போலில் காணாமற்போனோர் சுவரிலோ பெயர் அப்படியே இருக்கும்; கண்டெடுக்கப்பட்டவரின் பெயர் அருகே ரோஜா வடிவில் ஒரு சிறு வெண்கலப் பூ பதிக்கப்படுகிறது.